உச்சிப்புளிப் புளியமரத்தில் உட்கார்ந்திருப்பது எந்த ஈப்பிடிப்பான்?

கேள்வி சுருக்கமாக இதுதான். உச்சிப்புளிப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு, அதன் ஓரத்தில் பெரிய புளியமரம். கார்த்திகையிலிருந்து பழுப்பாக ஒரு சின்னக் குருவி அங்கே தென்படுகிறது. கொப்பிலிருந்து பாய்ந்து எதையோ பிடித்துக்கொண்டு திரும்பி வந்து உட்காருகிறது. எடுத்த படமெல்லாம் கலங்கல். இது காட்டுப்பறவையான பழுப்புமார்பு ஈப்பிடிப்பானா, இல்லை சாதாரணப் பழுப்பு ஈப்பிடிப்பானா? காடே இல்லாத ராமநாதபுரம் கடற்கரையில் அதற்கு என்ன வேலை? எப்படி உறுதி செய்வது?

பறவை ஈப்பிடிப்பான்தான், அதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. நீங்கள் சொன்ன நடத்தையே அதைச் சொல்லிவிடுகிறது. இரண்டில் எது என்று தெரிய வேண்டுமானால் முதுகின் நிறத்தை உற்றுப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, பறவையின் கால்களையும் கீழலகையும் பாருங்கள். பழுப்பில் எத்தனை வகை என்று மரநிழலில் நின்று யாராலும் சொல்ல முடியாது. இலை வழியாக வரும் வெளிச்சம் சாம்பலைப் பச்சையாக்கும், பச்சையைப் பழுப்பாக்கும். காலை ஏழு மணிக்குச் சாம்பல் நிறமாகத் தெரிந்த குருவி ஒன்பது மணிக்குக் காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும்.

முதலில் நடத்தை. ஈப்பிடிப்பான் மரத்தின் உச்சியில் உட்காராது. இலை அடர்ந்த மரத்தின் உள்பக்கம், தழைக்குக் கீழே, இலையில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியாகப் பார்த்து நிமிர்ந்து உட்காரும். உடம்பு அசையாது. தலை மட்டும் இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டே இருக்கும். பூச்சி தட்டுப்பட்டதும் ஒரே பாய்ச்சல். பக்கத்தில் நின்றால் அலகு மூடும் 'டிக்' சத்தம்கூடக் கேட்கும். பிறகு அதே குச்சிக்கோ, ஓரடி தள்ளி இன்னொன்றுக்கோ திரும்பும். உட்கார்ந்ததும் சிறகை ஒருமுறை சிலுப்பிக்கொள்ளும். பிடித்தது கொஞ்சம் பெரிய பூச்சியென்றால் குச்சியில் இரண்டு தட்டு தட்டி விழுங்கும்.

கதிர்க்குருவிகளோடு குழப்பிக்கொள்பவர்கள் இதை ஒருமுறை கவனித்துவிட்டால் போதும். கதிர்க்குருவி இலை இலையாகத் துழாவும், ஓரிடத்தில் நிற்கவே நிற்காது. கரிச்சானும் பஞ்சுருட்டானும் பாய்ந்து பிடித்துத் திரும்புகிறவைதான். ஆனால் அவை கரண்டுக் கம்பியிலும் வேலிக்காலிலும் வெட்டவெளியில் உட்காருபவை, நிழலுக்குள் ஒடுங்கி இருப்பவை அல்ல. பழுப்புக் கீச்சானும் நம் பக்கம் குளிர்காலத்தில் வரும். அது உருவத்தில் பெரியது, அலகு நுனி கொக்கிபோல வளைந்திருக்கும், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை ஓடும். கருஞ்சிட்டின் பெட்டையும் பழுப்புதான், ஆனால் அது தரையில் வாலைத் தூக்கிக்கொண்டு தத்தித் திரிகிற பறவை. இவ்வளவையும் கழித்துவிட்டால் உங்கள் மரத்தில் இருப்பது ஈப்பிடிப்பான்.

இப்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

பழுப்பு ஈப்பிடிப்பான் சிட்டுக்குருவியைவிடச் சற்றுச் சின்னது, 13 செ.மீ. வாக்கில். முதுகு சாம்பல் கலந்த பழுப்பு, வயிறு வெள்ளை, மார்பில் லேசாக அழுக்குத் துடைத்தது மாதிரி ஒரு சாம்பல் பூச்சு. முகத்துக்குக் கண் பெரிதாகத் தெரியும், சுற்றிலும் வெள்ளை வளையம். அலகுக்கும் கண்ணுக்கும் நடுவில் வெளிறிய ஒரு இடம் உண்டு. கீழலகின் அடிப்பகுதி மட்டும் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும், நுனி கறுப்பு. கால் கறுப்பு.

பழுப்புமார்பு ஈப்பிடிப்பானும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அதற்கும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உண்டு, ஆகையால் வளையத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். இதன் கீழலகு முழுக்க வெளிர் மஞ்சள், நுனிவரை. காலும் வெளிறிய மஞ்சள் கலந்த சதை நிறம். தொண்டை வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும், அதற்குக் கீழே மார்பில் பழுப்பு நிறம் தெளிவாக வந்து நிற்கும். தாடையோரம் தொண்டையின் வெள்ளையைப் பிரித்துக்கொண்டு கருமையாக ஒரு கோடு இறங்கும். சிறகின் ஓரங்களிலும் வாலின் மேல்பக்கத்திலும் செம்பழுப்புச் சாயல் இருக்கும். ஆனால் அந்தச் செம்பழுப்பை நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள். மாலை வெயில் பட்டால் எந்தக் குருவியின் வாலும் செம்பழுப்பாகிவிடும்.

காலைப் பார்ப்பது சொல்கிற அளவு எளிதில்லை. மார்கழிக் குளிரில் விடியற்காலையில் குருவி வயிற்றுச் சிறகை உப்பிக்கொண்டு கால்மேல் உட்கார்ந்திருக்கும், விரல்கூடத் தெரியாது. பாய்ந்துவிட்டுத் திரும்பி வந்து குச்சியைப் பிடிக்கிற நொடியில்தான் இரண்டு காலும் முன்னால் நீண்டு வெளியே தெரியும். அதனால் பறவை போகும்போது தொலைநோக்கியை அதோடு இழுத்துக்கொண்டு ஓடாமல், குச்சியின் மேலேயே வைத்திருங்கள். தானாகத் திரும்பி வரும். கீழலகுக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. பறவை நம் தலைக்கு மேலே இருப்பதால் அது அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் அலகின் அடிப்பக்கம் நேராக நமக்குக் காட்டப்படுகிறது. நுனி கறுப்பா, இல்லையா? அந்த ஒரு கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

இளம் பறவைகள் ஒரு சிக்கல். முதல் குளிர்காலத்தில் வரும் பழுப்பு ஈப்பிடிப்பானின் சிறகில் வெளிறிய விளிம்புகள் இருக்கும், மெல்லிய கோடு போட்டதுபோல. புதிதாகப் பார்ப்பவர்கள் அதை வேறு இனம் என்று எண்ணிப் புத்தகத்தைப் புரட்டுவார்கள். அங்கேயும் காலும் கீழலகும்தான் துணை, ஏனென்றால் அவை மாறுவதில்லை.

உங்கள் கேள்வியிலேயே இன்னொரு தடயம் இருக்கிறது. பறவை கார்த்திகையிலிருந்து தொடர்ந்து வருகிறது என்கிறீர்கள். பழுப்பு ஈப்பிடிப்பான் தோப்பு, தோட்டம், சாலையோர மரம் என்று எங்கும் குளிர்காலம் முழுக்கத் தங்கும், பிடித்த மரத்தை விடாது. பழுப்புமார்பு ஈப்பிடிப்பான் அப்படியல்ல. வடகிழக்கு இந்தியாவிலும் அதை ஒட்டிய பகுதிகளிலிருந்து தென்சீனா வரையிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான காடுகளுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை அது. அடர்ந்த கீழ்த்தட்டுப் புதர்தான் அதற்குப் பிடித்தம். நம் கரையில் அது தென்பட்டால் போகிற வழியிலோ வருகிற வழியிலோ இறங்கிய வழிப்போக்கனாகத்தான் இருக்கும். ஆகவே ஒரே புளியமரத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் உங்கள் குருவி, காலைப் பார்க்காமலே சொல்வதென்றால், பழுப்பு ஈப்பிடிப்பானாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஐப்பசியில் ஒருநாள் இருந்துவிட்டு மறுநாள் காணாமல் போயிருந்தால் நான் இதைவிட ஆவலாகக் கேட்டிருப்பேன்.

அந்தப் பழுப்புமார்பு ஈப்பிடிப்பானுக்கும் நம் கடலுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அதன் அறிவியல் பெயர் மஸ்சிகாபா முட்டுய். இதில் வரும் 'முட்டுய்' முத்து என்ற ஒரு மனிதரின் பெயர்தான். இலங்கையில் ஆங்கிலேய அரசுப் பணியில் இருந்த எட்கர் லேயார்ட் என்பவரின் பணியாளர் அவர். பருத்தித்துறையில் அந்தக் குருவியை லேயார்டிடம் கொண்டுவந்து கொடுத்தவரும் அவரே. 1854-இல் லேயார்ட் அதைப் புது இனமாக விவரித்தபோது முத்துவின் பெயரையே வைத்தார். உலகத்தில் எத்தனையோ பறவைகளுக்குத் துரைமார்கள் பெயர் இருக்கிறது. குருவியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவர் பெயர் நிலைத்தது அபூர்வம். பருத்தித்துறை யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமுனை, நம் வடகடலான பாக் நீரிணைக்கு அக்கரை.

காட்டுப்பறவைக்குக் கடற்கரையில் என்ன வேலை என்ற கேள்விக்கும் அக்கரையில்தான் பதில் இருக்கிறது. ஈப்பிடிப்பான் போன்ற சிறு பறவைகள் வலசைப் பயணத்தைப் பெரும்பாலும் இரவில் செய்கின்றன. இலங்கைக்குப் போகிறவை கடலைத் தாண்டியாக வேண்டும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கி.மீ. தூரம். பறவைக்கு அது பெரிய தூரமில்லைதான். ஆனால் விடிகிற நேரத்தில் கடலோரத்தில் இருந்தாலோ, எதிர்காற்று அடித்தாலோ, மழை பிடித்தாலோ, கண்ணில் படும் முதல் மரக்கூட்டத்தில் இறங்கிவிடும். பசியாறி, உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டு பிறகு கிளம்பும். ஆறுமணிக்குருவியும் இப்படித்தான் ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் கொல்லைகளில் களைத்துப்போய்க் கிடக்கிறது. ஒருமுறை காடு காடாகத் தேடியும் கிடைக்காத பறவை, மறுநாள் வீட்டுக் கிணற்றடியில் நிற்பதற்குக் காரணம் இதுவே.

அதனால் இங்கே தேட வேண்டியது நிழல், ஈரம், அதற்குக் கீழே கொஞ்சம் திறந்த இடம். இந்த மூன்றும் சேரும் இடங்கள் நம் மாவட்டத்தில் நிறைய உண்டு, யாரும் அவற்றைப் பறவை பார்க்கும் இடமாக நினைப்பதில்லை, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது ஊருணிக்கரைகள். வேம்பும் பூவரசும் ஆலும் சூழ்ந்த ஊருணியென்றால் காலையில் ஒருமணி நேரம் உட்கார்ந்தாலே போதும். தண்ணீரின் மேல் பூச்சி பறக்கும், கரை மரத்தின் தாழ்ந்த கொப்புகள் தண்ணீரை நோக்கிச் சாய்ந்திருக்கும். அய்யனார் கோயில்களைச் சுற்றி வெட்டாமல் விட்டிருக்கும் பழைய மரங்களும் அப்படியே. தங்கச்சிமடம் பக்கம் தென்னை நிழலில் மல்லிகை நாற்றங்கால் போட்டிருக்கிறார்களே, அங்கே நாள்தோறும் தண்ணீர் தெளிப்பதால் மண் எப்போதும் ஈரமாக இருக்கும். பூச்சிக்குக் குறைவில்லை, குச்சிக்கும் குறைவில்லை. தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள். நீங்கள் பாம்பு தேடுகிறீர்களோ என்று முதலில் சந்தேகப்படுவார்கள், அப்புறம் அவர்களே எந்த மரத்தில் என்ன குருவி வருகிறது என்று காட்டுவார்கள்.

சக்கரக்கோட்டை, சித்திரங்குடி மாதிரியான சரணாலயக் கண்மாய்களுக்குப் போனால் எல்லார் கண்ணும் கூழைக்கடாவிலும் நாரையிலும் இருக்கும். தண்ணீருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கரையிலுள்ள நாட்டுக் கருவேல மரங்களுக்குள் ஒருமுறை பாருங்கள். சீமைக் கருவேலப் புதருக்குள் நுழைந்து முள் குத்திக்கொள்ள வேண்டாம். உள்ளே பாய்ந்து திரும்ப இடமில்லாத அளவு அடர்ந்திருப்பதால் ஈப்பிடிப்பானுக்கு அது தோதுப்படாது. பார்ப்பதானால் அதன் விளிம்பைப் பாருங்கள், வேம்போ உடைமரமோ கலந்து நிற்கும் இடத்தில். தனுஷ்கோடியின் கோடியிலுள்ள அரிச்சல்முனைக்குப் போவதிலும் பயனில்லை. அங்கே மணலும் காற்றும்தான். ராமேசுவரத்துக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள தோப்புகளே போதும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது, இந்தக் குருவிக்காக இறங்க வேண்டிய அவசியமும் இல்லை.

நேரம் என்றால் விடிந்து முதல் இரண்டு மணி நேரம், பிறகு மாலை நாலரைக்கு மேல். மாலையில் சின்னப் பறவைகள் குளிக்க வரும். கொல்லையில் நிழலான ஓரிடத்தில் அகலமான மண்தட்டில் இரண்டு விரல்கடை தண்ணீர் ஊற்றி வைத்துப் பாருங்கள். மாசி, பங்குனியில் ஊருணி வற்றத் தொடங்கியதும் அந்தத் தட்டுக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். வழிப்போக்குப் பறவைகளுக்கு ஐப்பசி, கார்த்திகையும் திரும்புகிற காலமான பங்குனி, சித்திரையும் முக்கியம். வாடைக்காற்றோடு இரவில் நல்ல மழை கொட்டி ஓய்ந்த மறுநாள் காலை என்றால் வேறு வேலை இருந்தாலும் தள்ளிப்போட்டுவிட்டுத் தோப்புக்குப் போங்கள்.

மரத்தை நெருங்கும்போது நேராக நடக்க வேண்டாம். பத்து மீட்டருக்கு முன்பே நின்று, வேறொரு மரத்தில் சாய்ந்தோ குத்தவைத்தோ உட்கார்ந்துவிடுங்கள். ஈப்பிடிப்பான் ஆளைக் கண்டு அதிகம் மிரளாது. நடமாட்டத்தைக் கண்டுதான் இடம் மாறும். குளிர்காலத்தில் அது பெரும்பாலும் வாயைத் திறக்காது, மெல்லிசாக 'ட்சீ' என்று எப்போதாவது. அதனால் கைப்பேசியில் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகள் இங்கே அவ்வளவாக உதவாது. குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம். கடலைத் தாண்ட கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கும் பறவையை வெட்டியாகப் பறக்கவைப்பதில் என்ன லாபம்?

படம் கலங்குவதற்குக் காரணம் கேமராவைவிட வெளிச்சம்தான். பறவை நிழலில், பின்னால் பளிச்சென்ற வானம். கேமரா வானத்துக்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைத்துவிடும், குருவி கறுப்பு நிழலாக விழும், காலும் கறுப்பாகத்தான் தெரியும். இப்படியான படத்தைக் காட்டி 'கால் கறுப்பு, ஆகவே பழுப்பு ஈப்பிடிப்பான்' என்று சாதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளிச்ச அளவை ஒரு படி கூட்டிவையுங்கள். வானம் பின்னால் வராமல் இலையோ அடிமரமோ பின்னணியாக வரும்படி நகர்ந்துகொள்ளுங்கள். ஷட்டர் வேகம் 1/500-க்குக் குறையாமல் இருக்கட்டும். தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்தால் ஒன்றிலாவது தலை திரும்பி அலகு தெரியும். தொலைநோக்கி வாங்குவதாக இருந்தால் 8x42 (8 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை) போதும். 10 மடங்கு பெருக்கம் உள்ளதை வாங்கினால் மரத்துக்குள் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

இவ்வளவு கவனமாகப் பார்க்கத் தொடங்கினால் வேறு ஈப்பிடிப்பான்களும் வந்து மாட்டும். நீல முதுகும் ஆரஞ்சு மார்பும் உள்ளது வந்தால் தொண்டையைப் பாருங்கள். ஆரஞ்சு நிறம் தொண்டையிலேயே தொடங்கி மார்பு முடிகிற இடத்தில் வெள்ளை வயிற்றோடு வெட்டினாற்போல நின்றால் அது டிக்கெல் நீல ஈப்பிடிப்பான். தொண்டையும் நீலமாக இருந்து, ஆரஞ்சு அதற்குக் கீழே தொடங்கினால் நீலத்தொண்டை ஈப்பிடிப்பான். வாலை வெடுக்வெடுக்கென்று மேலே தூக்கிக்கொண்டு, வாலின் அடியில் இருபக்கமும் வெள்ளை காட்டும் சின்னக் குருவி என்றால் அவசரப்பட வேண்டாம், படம் எடுத்து வையுங்கள். செம்மார்பு ஈப்பிடிப்பானும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் அந்த வகை. காஷ்மீர் ஈப்பிடிப்பான் அருகிவரும் பறவை. நீலகிரியிலும் இலங்கை மலைகளிலும் குளிர்காலத்தைக் கழிப்பது. கடலோரத்தில் அது தென்பட்டால் நல்ல பதிவு, ஆனால் தெளிவான படம் இல்லாமல் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஒத்துக்கொள்ளவும் கூடாது.

அரசவால் ஈப்பிடிப்பானைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் தோப்புக்குப் போனால் அது கட்டாயம் ஒருநாள் எதிர்ப்படும். வேதிவால் குருவி என்றும் சொல்வார்கள். முதிர்ந்த ஆணின் வாலில் நடு இறகு இரண்டும் உடம்பைவிட நீளமாக, நாடாபோலத் தொங்கும். ஆண் சிலது வெள்ளை, சிலது செம்பழுப்பு. பெட்டைக்கும் இளம் ஆணுக்கும் அந்த நாடா கிடையாது. கறுப்புக் கொண்டையும் செம்பழுப்பு முதுகும் மட்டும் பார்த்துவிட்டுக் கொண்டைக்குருவி என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். நிழலுக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தால் தலையைத் தூக்குங்கள். பெயர் ஈப்பிடிப்பான் என்றாலும் இது பழுப்பு ஈப்பிடிப்பானின் குடும்பம் இல்லை, மோனார்க் என்ற வேறு குடும்பம். பழுப்பு ஈப்பிடிப்பானுக்கு நெருங்கிய உறவு நம் வீட்டுக் கொல்லையில் பாடும் வண்ணாத்திக்குருவிதான்.

கால் தெரியாமல், அலகு தெரியாமல் பறவை போய்விட்டால் குறிப்பேட்டில் 'ஈப்பிடிப்பான், இனம் தெரியவில்லை' என்று எழுதுங்கள். பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிவிடுவதாக இருந்தாலும் அப்படிப் பதிவிட வசதி இருக்கிறது. அபூர்வமான பெயரைப் போட்டுவிட்டுப் பிறகு நீக்குவதைவிட இது நல்லது. தேதி, நேரம், மரம், எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்தது, அன்று காற்று எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள். இந்தக் கரையில் தொடர்ந்து அப்படிக் குறித்துவைப்பவர்கள் குறைவு. உங்கள் புளியமரத்துக் குருவி என்றைக்குக் கடைசியாகத் தென்பட்டது என்ற தேதியும் அதில் இருக்கட்டும். சித்திரை பாதிக்குள் அநேகமாகக் கிளம்பிவிடும், அதற்குள் கால் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துவிடப் பாருங்கள்.